ஏவிஎம் என்று எழுதிய ரிப்போர்ட்: ஆபரேஷனா, காமா நைஃபா, சும்மா இருப்பதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம். நீடாமங்கலம் பக்கத்தில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. பெல்ட் அறுவடை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த அக்கா மகனுக்கு அதன் மேலேயே வலிப்பு வந்துவிட்டது. 27 வயது. வலது கைக் கட்டைவிரல் முதலில் தானாகத் துடித்ததாம். ஏதோ சரியில்லை என்று இடது கையால் மெஷினை அணைத்திருக்கிறான். அவனுக்கு ஞாபகம் அதுவரைதான். வரப்பில் நின்றவர்கள் ஓடிவந்து அவன் கையில் ஒரு ஸ்பானரைத் திணித்திருக்கிறார்கள். இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருந்த இரும்புக்குப் பெயர் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிடுவதுதான் சரியான வேலை.

முதலில் ஒரு ஸ்கேன் சென்டரில் சாதா சிடி எடுத்தோம். மருந்து ஏற்றாத ஸ்கேன். இடது பக்கம் சின்னதாகச் சுண்ணாம்பு படிந்த மாதிரி ஒரு புள்ளி, 'பூச்சிக்கட்டியாக இருக்கலாம்' என்றார்கள், அதாவது நாடாப்புழு மூளையில் தங்கி உண்டாக்கும் கட்டி. நம் நாட்டில் இளவயதில் வலிப்பு என்றால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் சந்தேகம் என்று எழுதியதையே முடிவாக எடுத்துக்கொண்டு பூச்சி மருந்தும் வலிப்பு மாத்திரையுமாக இரண்டு மாதம் ஓடிப்போனது. அடுத்த வலிப்பு பங்குனியில் வந்தது. அப்புறம்தான் எம்ஆர்ஐ.

அந்த எம்ஆர்ஐ பிலிமை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புச் சுருள்கள், மண்புழுக்களை ஒரு கைப்பிடி அள்ளி வைத்தது போல. "இது கட்டி இல்ல. ரத்தம் வேகமா ஓடுற இடம் படத்துல கறுப்பா விழும். இவ்வளவு கறுப்புன்னா இவ்வளவு ஓட்டம்" என்றார். ரிப்போர்ட்டில் மூன்றெழுத்து: ஏவிஎம். தமனியும் சிரையும் முறை தவறிப் பின்னிக்கொண்ட கோளாறு.

அந்த மூன்றெழுத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டில் நான்கு மாதம் நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை; கூடவே அலைந்த மாமன். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு எழுதுகிறேன்.

கண்ணி வாய்க்கால் இல்லாத பாசனம்

நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மதகை, மூணாறு தலைப்பைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அங்கே வெண்ணாறு பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்ணி வாய்க்கால், அதிலிருந்து வயல். வயலில் நின்று பயிருக்கு வேலை செய்த பிறகு மிச்சத் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். அதற்குள் வேகமெல்லாம் தணிந்திருக்கும். வடிகாலின் கரை மெல்லிசாக இருப்பது அதனால்தான்.

மூளையிலும் அதே ஏற்பாடு. தமனி ஆறு, தந்துகிகள் கண்ணி வாய்க்கால், சிரை வடிகால். ஏவிஎம்மில் நடுவில் உள்ள தந்துகிகள் கிடையாது. ஆறு நேராக வடிகாலில் விழுகிறது. தமனியின் அழுத்தத்தைத் தாங்க சிரையின் சுவருக்குத் தெம்பு இல்லை. ஒருநாள் உடைந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. உடையாவிட்டாலும் பக்கத்துத் திசு எரிச்சலடைந்து வலிப்பு வரலாம்; தண்ணீரெல்லாம் குறுக்கே போய்விடுவதால் சுற்றியுள்ள பகுதி கடைமடை போலக் காய்வதும் சிலருக்கு உண்டு.

இது பெரும்பாலும் பரம்பரை நோய் அல்ல. அக்காவிடம் "உங்க வீட்டுல யாருக்காவது இருந்துச்சா" என்று ஊரில் பத்து பேராவது கேட்டிருப்பார்கள், அதற்காகவே இதை எழுதுகிறேன். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவதும் உடலின் பல இடங்களில் இப்படிப்பட்ட பின்னல்களும் குடும்பத்தில் ஓடினால் மட்டும் அது வேறு கதை. அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலில் எது என்று தெரியட்டும்

'மூளையில் ரத்தக்குழாய் கோளாறு' என்ற ஒரே பெயரில் நான்கைந்து சமாச்சாரங்கள் சுற்றுகின்றன. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிர். நியூரோ ஓபியில் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா, தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் டிவிஏ என்று வந்ததால் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார். டிவிஏ என்பது சிரைகள் மட்டும் குடை விரித்த மாதிரி ஓரிடத்தில் கூடுவது. மூளையின் அந்தப் பகுதிக்கு அதுதான் இயல்பான வடிகால். அதைத் தொடவே கூடாது, தொட்டால்தான் ஆபத்து. டாக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவைத்தார், அந்த அம்மாள் கேன்டீனுக்குப் போனார்.

கேவர்னோமா இன்னொன்று. நாவற்பழக் கொத்து மாதிரி சின்னச் சின்னப் பைகள், உள்ளே ரத்தம் மெதுவாக ஊறிக்கொண்டிருக்கும். எம்ஆர்ஐயில் பொரித்த சோளம் போல ஒரு வடிவமும், பழைய கசிவின் இரும்புக் கறை கறுப்பு வளையமாகச் சுற்றியும் தெரியும். ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோ படத்தில் பிடிபடாது. இருநூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் அளவுக்கு இது சாதாரணம். தொந்தரவு தராததைப் பார்த்துக்கொண்டிருப்பதே வழக்கம். திரும்பத் திரும்பக் கசிந்தால், அல்லது மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்றால், எட்டுகிற இடத்தில் இருந்தால் எடுப்பார்கள். அனூரிசம் என்பது தமனியின் சுவரில் பலூன் போல ஒரு வீக்கம்; அதற்குக் கிளிப் போடுவதா, சுருள் கம்பி வைத்து அடைப்பதா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இதையெல்லாம் பிரித்துக் காட்டுவதில் ஸ்கேன்களுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. திடீரென்று இடி விழுந்தாற்போல் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் சாதா சிடிதான் முதலில். புது ரத்தத்தைச் சில நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் உடையாத ஏவிஎம்மை அது கோட்டைவிடக்கூடும். எங்களுக்கு நடந்தது அதுதான். எம்ஆர்ஐ இடத்தைச் சொல்லும்: கைகால் அசைவுப் பகுதியா, பேச்சுப் பகுதியா, பார்வையா என்று. ஆனால் எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வழியாக வடிகிறது, உள்ளே சின்ன அனூரிசம் ஒளிந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் டிஎஸ்ஏ என்ற ஆஞ்சியோதான் கடைசித் தீர்ப்பு. மூளைக் குழாய்களுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் இந்த வழியை 1927ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கினார். நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதை மிஞ்ச எதுவும் வரவில்லை.

டிஎஸ்ஏ என்றதும் அத்தான் பயந்தார். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி வழியாக மெல்லிய குழாயை விட்டு, கழுத்துக் குழாய் வரை கொண்டுபோய் மருந்து பாய்ச்சுகிறார்கள். பக்கவாதம் போன்ற நிரந்தரச் சேதம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று முன்கூட்டியே ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். தொடை வழியாக என்றால் முடிந்த பிறகு காலை நீட்டியபடி சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். "தலைக்குள்ள வெந்நீர் ஊத்துன மாதிரி இருந்துச்சு மாமா" என்றான் பையன். டாக்டர் திரையில் ஓட்டிக் காட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மற்ற இடங்களில் தமனி நிரம்பி, படர்ந்து, சில வினாடி கழித்துத்தான் சிரை மெல்லத் தெரிகிறது. அந்த ஒரு இடத்தில் தமனி கறுத்த அதே நொடியில் சிரையும் கறுத்துவிட்டது. குறுக்கு வழி.

மார்க் ஷீட்

1986ல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஏவிஎம்முக்கு மார்க் போடும் முறை ஒன்றை வகுத்தார்கள். மார்க் ஏற ஏற ஆபரேஷன் ஆபத்து. 3 செ.மீ.க்குக் கீழே என்றால் 1, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. முக்கியமான வேலை செய்யும் பகுதியில் இருந்தால் 1 கூடும். மூளையின் ஆழத்துச் சிரைகளுக்கு வடிந்தால் இன்னொரு 1. ஆக, 1 முதல் 5 வரை. பையனுக்கு 2.6 செ.மீ., வலது கையை ஆட்டும் பகுதியை ஒட்டி, வடிகால் மேற்பரப்புக்கு. மொத்தம் 2.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த எண்ணை எழுதி வாங்குங்கள். 'பெரிசு', 'சின்னது', 'கொஞ்சம் சிக்கலான இடம்' என்ற வார்த்தைகளை வைத்து இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்க முடியாது. எண்ணை வைத்துக் கேட்கலாம்.

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது: இதுவரை கசிந்திருக்கிறதா, இல்லையா? கசியாத ஏவிஎம் ஒரு வருஷத்தில் உடையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு. ஒருமுறை கசிந்துவிட்டால் அது நான்கு, ஐந்து என்று ஏறும், முதல் வருஷம் அதைவிடவும் கூடுதல். உடைந்தால் தோராயமாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைப்பவர்களிலும் கணிசமானவர்களுக்கு ஏதாவது ஒரு குறை நின்றுவிடுகிறது.

வருஷத்துக்கு 2 சதவீதம் என்றதும் அத்தானுக்கு நிம்மதி. "தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒண்ணுமில்லங்கறாங்கல்ல?" அக்கா பத்தாவது வரைதான் படித்தவள், ஆனால் கூட்டுறவு சங்கத்தில் நகை வைத்து மீட்டு மீட்டு வட்டிக் கணக்கு அத்துபடி. "வருஷா வருஷம் ரெண்டுன்னா இவன் எழுபது வயசு வரைக்கும் எவ்ளோ ஆவுது?" என்று கேட்டாள். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 72 வயது வரை 45 வருஷம். நேராகப் பெருக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் தப்பிக்கும் 98 சதவீதத்தை 45 முறை பெருக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒருமுறையும் உடையாமல் தப்பிக்கும் வாய்ப்பு 40 சதவீதம். அதாவது உடைய 60. வருஷத்துக்கு 1 சதவீதம் என்று வைத்தாலும் 36. அந்த 2 சதவீதக் கணக்கையே 65 வயதுக்காரருக்குப் பத்து வருஷத்துக்குப் போட்டால் 18தான். ஒரே ஏவிஎம், ஒரே மார்க், ஆனால் 27க்கும் 65க்கும் பதில் வேறு.

சும்மா இருப்பது

சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம்தான். வலிப்பு மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு, குறித்த இடைவெளியில் ஸ்கேன் என்று அதற்கும் ஒழுங்கு உண்டு. அதற்குப் பலமான ஆதாரமும் இருக்கிறது. அரூபா என்ற ஆய்வில் கசியாத ஏவிஎம் உள்ள 226 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு ஏதாவது ஒரு சிகிச்சை. சராசரியாக 33 மாதம் பார்த்ததில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது மருந்து மட்டும் எடுத்தவர்களில் 10.1 சதவீதம், சிகிச்சை செய்தவர்களில் 30.7 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு பெரிது என்று 2013ல் ஆய்வில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

இதைப் படித்த அன்று அத்தான் பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு டாக்டர் அதன் மறுபக்கத்தைச் சொன்னார். கத்தி (ஆபரேஷன்), பசை (குழாயை உள்ளிருந்தே அடைப்பது), கதிர் (காமா நைஃப் மாதிரி) எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியிருக்கிறார்கள். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்கள் அதில் மிகக் குறைவு. சிகிச்சையின் கெடுதல் முதல் மாதங்களிலேயே தெரிந்துவிடும், பலன் பத்து இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும், 33 மாதம் அதற்குப் போதாது. என் கணிப்பில் அரூபா 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 4, 5 மார்க் வாங்கியவர்களுக்கும் நல்ல வழிகாட்டி. 27 வயதுக்காரனின் 45 வருஷத்துக்கு அது பதில் சொல்லவில்லை. மார்க் 4, 5 உள்ளவர்களை வற்புறுத்தி ஆபரேஷனுக்கு அழைக்கும் இடம் எதுவானாலும் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்; திரும்பத் திரும்பக் கசிந்தால் ஒழிய அவற்றைத் தொடாமல் விடுவதே பொதுவான நடைமுறை.

ஆபரேஷன்

மண்டையோட்டில் ஒரு சன்னலைத் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பின்னலை முழுசாக எடுப்பது. இதன் பெரிய பலம், அன்றைக்கே முடிந்துவிடும். எடுத்த பிறகு மறுபடி ஆஞ்சியோ செய்து மிச்சமில்லை என்று உறுதி செய்தால் கசிவு பயம் தீர்ந்தது. வலிப்பும் பலருக்குக் குறைகிறது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் அரிதாகத் திரும்ப முளைப்பதுண்டு, அதனால் பல வருஷம் கழித்தும் ஒருமுறை பார்ப்பார்கள்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊட்டும் தமனிகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு, சிரையைக் கடைசியாகத்தான் கட்ட வேண்டும். தலைப்பில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது வடிகாலை முதலில் அடைத்தால் என்ன ஆகும்? கரை பிய்த்துக்கொண்டு போகும். மேஜையிலேயே உடைந்த ஏவிஎம்களில் பலவற்றின் கதை அதுதானாம். அதனால் இந்த ஆபரேஷனில் டாக்டரின் கைப்பழக்கம் மற்ற எதையும்விடப் பெரிது. 'வருஷத்துக்கு எத்தனை ஏவிஎம் எடுக்கிறீர்கள்' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்வதில்லை.

ஸ்பெட்ஸ்லரும் போன்ஸும் 2011ல் பல மருத்துவமனைக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மார்க் 1, 2 உள்ளவர்களில் ஆபரேஷனுக்குப் பிறகு குறை நின்றது 8 சதவீதம். மார்க் 3க்கு 18. 4, 5க்கு 32. எங்களைக் குழப்பியது அந்த 8. எல்லா மார்க் 2ம் ஒன்றல்ல. அளவுக்காக 2 வாங்கியதும், கை அசையும் பகுதியில் இருப்பதற்காக 2 வாங்கியதும் தாளில் ஒன்று, வாழ்க்கையில் வேறு.

பசை

எம்போலைசேஷன். தொடை வழியாகவே போய், ஊட்டும் தமனிகளுக்குள் பசை போன்ற திரவத்தைச் செலுத்தி உறையவைப்பது. ஓனிக்ஸ் என்பது அதில் அதிகம் கேள்விப்படும் பெயர். தலையைத் திறக்க வேண்டாம் என்பதால் எல்லோருக்கும் முதலில் இதன்மேல்தான் ஆசை வரும். ஆனால் இது மட்டுமே போதும் என்று குணமாகிறவர்கள் சிலர்தான். பொதுவாக ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் துணை வேலையாகச் செய்கிறார்கள். பசை தவறிச் சிரைப் பக்கம் போய் அடைத்தால் மேலே சொன்ன வடிகால் கதைதான். பல தவணை, ஒவ்வொரு தவணைக்கும் செலவு, ஒவ்வொன்றுக்கும் ஆபத்து. எங்கள் பட்டியலிலிருந்து முதலில் விழுந்தது இது. பின்னலுக்குள் அனூரிசம் இருந்து அதுதான் கசிந்தது என்றால், அதை மட்டும் குறிவைத்து அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதிர்

காமா நைஃப் என்ற பெயரில்தான் கத்தி இருக்கிறது, சிகிச்சையில் இல்லை. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1968ல் கொண்டுவந்த கருவி. கோபால்ட்டிலிருந்து சுமார் 200 மெல்லிய கதிர்கள், ஒவ்வொன்றும் தனியாக மூளைக்கு ஒன்றும் செய்யாது, எல்லாம் கூடும் புள்ளியில் மட்டும்தான் வேலை. குழாய்களின் உட்சுவர் மெல்லத் தடித்து, சுருங்கி, ஒருநாள் அடைந்துபோகும். அந்த 'ஒருநாள்' வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். சின்ன ஏவிஎம்களில் 70 முதல் 80 சதவீதம் வரை முழுசாக அடைகிறது. 3 செ.மீ.யைத் தாண்டினால் பலன் இறங்கும். லினாக், சைபர்நைஃப் என்று வேறு கருவிகளிலும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

அடையும் வரை? பழைய ஆபத்து அப்படியே. அக்கா இதையும் தன் கணக்கில் சொன்னாள்: "ஆபரேஷன்னா பணத்தைக் கட்டி அன்னிக்கே நகையக் கையில வாங்கிட்டு வர்றது. இது பணத்தைக் கட்டிட்டு மூணு வருஷம் கழிச்சுத் தர்றேங்கறான், அதுவரைக்கும் வட்டியும் கட்டணும்." கேட்ட டாக்டர் சிரித்துவிட்டு, "நூத்துல இருபது முப்பது பேருக்கு நகை முழுசா வராதும்மா, அதையும் சேர்த்துக்கங்க" என்றார். வராதவர்களுக்கு மறுபடி கதிரோ ஆபரேஷனோ தேவைப்படும். இன்னொன்று, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் சுற்றியுள்ள மூளை வீங்கலாம். தலைவலி, வலிப்பு, கை பலவீனம் என்று தொந்தரவு வருவது நூற்றில் எட்டு பத்துப் பேருக்கு. ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். நிரந்தரமாக நிற்பது இரண்டு மூன்று பேருக்கு.

எப்படி முடிவு செய்தோம்

மூன்று பேரின் கருத்து மூன்று பக்கம். அத்தான், சும்மா இருக்கலாம். நான், ஒரே நாளில் முடியட்டும், ஆபரேஷன். அக்கா பதில் சொல்லாமல் சுவாமிமலைக்குப் போய் வந்தாள். இரண்டு நியூரோ சர்ஜன்களைப் பார்த்திருந்தோம். ஒருவர் எடுக்கலாம், கையில் கொஞ்சம் பலவீனம் வரலாம், பிசியோதெரபியில் பெரும்பாலும் திரும்பும் என்றார். மற்றவர் இந்த இடத்துக்குக் கதிர்தான் என்றார்.

ஒருநாள் ராத்திரி திண்ணையில் பையன் என்னிடம் வலது கையை நீட்டினான். கட்டைவிரலை மற்ற நான்கு விரலோடும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான், வேகமாக. "இது போயிடுச்சுன்னா மெஷின் லிவரப் புடிக்க முடியாது மாமா. மூணு வருஷம் பயத்தோட இருந்துக்கறேன்." நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். மூளையில் எந்தப் பகுதி முக்கியம் என்று மார்க் ஷீட் சொல்லிவிடுகிறது. எந்தக் குறையோடு தன்னால் வாழ முடியும் என்பதை அந்த மூளைக்குச் சொந்தக்காரன்தான் சொல்ல முடியும். ஒரு பாட்டு வாத்தியாருக்குப் பேச்சுப் பகுதி, ஒரு டிரைவருக்குப் பார்வையின் ஒரு பாதி.

இதை வைத்து எல்லோருக்கும் கதிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஓபியில் திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பெண் ஒருத்தி, 19 வயது. நெற்றிப் பக்கத்தில், வலப்புறம், 2 செ.மீ.; ஏற்கெனவே ஒருமுறை கசிந்து பிழைத்தவள். மார்க் 1. அவளுக்கு மூன்று வருஷம் காத்திருப்பது முட்டாள்தனம். கசிவு வற்றியதும் ஆபரேஷன் செய்தார்கள், பத்து நாளில் வீடு. வீட்டில் கல்யாணப் பேச்சும் இருந்தது. குழந்தை பெறும் வயதில் இதைத் தீர்த்துவிட்டுப் போவது நல்லது என்று டாக்டர்கள் சொன்னதையும் அவள் அம்மா சொன்னார். நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவருக்கு 68 வயது, 5 செ.மீ.க்கு மேல், ஆழத்தில், கசியாதது. அவரை மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். அவர் மகன் 'ஒண்ணுமே செய்ய மாட்டேங்கறாங்களே' என்று கோபப்பட்டார். அவருக்கு அதுதான் சரியான வைத்தியம்.

ரயிலும் பணமும்

தஞ்சாவூர் மெடிக்கலில் வலிப்பைக் கட்டுப்படுத்தவும் அவசரத்துக்கும் வழி உண்டு. கசிவு என்று சந்தேகம் வந்தால் வேறெங்கும் யோசிக்காமல் அங்கே ஓடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஏவிஎம்முக்கு எல்லா வழியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் ஒருமுறையாவது கருத்துக் கேளுங்கள். கத்தி மட்டும் உள்ள இடத்தில் கத்தி சொல்வார்கள், கதிர் உள்ள இடத்தில் கதிர். அது ஏமாற்று அல்ல, அவரவர் கைப்பழக்கம். 1949லிருந்து நரம்பியல் துறை நடத்தும் வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா எல்லாம் நம் ஊரிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அட்டை இருப்பதும் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அது செல்லுவதும் ஒன்றல்ல. அட்மிஷனுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளி மாநிலம் என்றால் இன்னும் ஒருமுறை கேளுங்கள். பசைக்கும் சுருள் கம்பிக்கும் ஆகும் பொருட்செலவு தனியா, சேர்த்தா என்றும் கேளுங்கள்.

ஒப்பிடும்போது யாரும் எழுதிப் பார்க்காத செலவு ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு ஒரு பெரிய பயணம். கதிருக்கு ஒரு நாள் சிகிச்சை, ஆனால் ஆறு மாதம், வருஷம் என்று எம்ஆர்ஐ, மூன்றாவது வருஷம் டிஎஸ்ஏ. நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் தேதி வந்தால் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் வீடாக இருந்தால், கதிரை எடுக்காதீர்கள்.

அந்த வருஷம் ஆடியில் கதிர் கொடுத்தார்கள். தலையில் ஒரு சட்டத்தை நான்கு திருகாணியால் இறுக்கினார்கள். இடம் மரத்துப்போக ஊசி போட்டுத்தான், ஆனாலும் அந்த அழுத்தத்தைத்தான் அவன் இன்னும் சொல்வான். கதிர் ஒன்றும் தெரியவில்லையாம். மறுநாள் சாயங்காலமே ரயிலேறிவிட்டோம். நெற்றியில் இரண்டு பிளாஸ்திரி. போன தையில் எடுத்த எம்ஆர்ஐயில் கறுப்புச் சுருள்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. நடுவில் ஒருமுறை வீக்கம் வந்து மூன்று வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டான், முகம் உப்பிப்போனது, அப்புறம் இறங்கியது. வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலிப்பு மாத்திரை லெவிடிராசிடம் காலையும் ராத்திரியும் நிற்கவில்லை.

மெஷினில் ஏறுவதில்லை, ஆற்றில் தனியாக இறங்குவதில்லை. இப்போது மெஷின்காரரிடமே கணக்கு எழுதுகிறான்: எந்த வயல், எத்தனை மணி நேரம், டீசல் எவ்வளவு. போன வாரம் கூடக் கேட்டான், டிஎஸ்ஏவில் அடைந்துவிட்டது என்று வந்தால் அடுத்த சம்பாவுக்கு ஏறலாமா என்று. வலிப்பு டாக்டரும் சொல்ல வேண்டும், படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்போம் மாப்ளே என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.